பல்லக்குத் தண்டும் பருப்புப் பொடியும்

கோபத்தில் ஆரம்பித்த விஷயம் இது. ஆரோக்கியம், ஆயுள் என்று பெரிய யோசனையெல்லாம் எனக்கு அப்போது கிடையாது. என்னைக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் ஐம்பத்து நாலு வயதில் புரதத்தைத் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் குடை விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்று சாமி பல்லக்கில் வீதி வலம் வருவார். ஊர்ப்பக்கம் என்றால் பல்லக்குத் தூக்குவதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். தில்லியில் அதற்கு நாங்கள்தான். அமைச்சகத்தில் கோப்பு தள்ளுகிறவன், வங்கி மேலாளர், விமான நிலைய வேலையை முடித்துவிட்டுத் துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து ஓடி வருகிறவர், கட்டடங்களில் டைல்ஸ் பதிக்கிறவர் என்று எட்டுப் பேர். சட்டையைக் கழற்றி வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டால் யாருக்கு என்ன உத்தியோகம் என்று கண்டுபிடிக்க முடியாது. இத்தனை வருஷமாக அரசாங்க நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் ஏதோ உருப்படியாகச் செய்தோம் என்று இருக்கும். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தர எனக்கு மனசு வராது.

பல்லக்குக்கு இரண்டு தண்டு, இடமும் வலமும். ஒரே வரிசையில் இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒருவர் கொஞ்சம் உயரம் என்றாலும் பாரம் முழுக்க அவர் தலையில்தான். நான் குள்ளம். என்னைப் போலவே குள்ளமாக இன்னொருவர் கிடைத்தது முருகன் செயல். அவர்தான் நான் சொன்ன டைல்ஸ்காரர். எங்கள் குடியிருப்பைத் தாண்டி நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரமாக இருக்கும் குடிசைப் பகுதியில் குடும்பத்தோடு இருக்கிறார். கள்ளக்குறிச்சிப் பக்கம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். முன்வரிசையில் வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவர். வருஷக்கணக்காக இதுதான் ஏற்பாடு.

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது என் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. எடை போனதோடு சதையும் போய்விட்டது. ஆனாலும் பங்குனியில் பிடிவாதமாகத் தோள் கொடுத்தேன். சுற்றி வந்து சாமியை இறக்கினோம். எனக்குப் பெரிய சிரமமே தெரியவில்லை. இன்னும் நம்மிடம் சரக்கு இருக்கிறது என்று பூரித்துப் போய் நின்றிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் பல்லக்குக் குழுத் தலைவர் வந்தார். திருநெல்வேலிக்காரர், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பல்லக்கு விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"என்னவே, வழி பூரா சாமி வலப்பக்கமா சாயுதாரு. உமக்கு ஒடம்பு தேறல. அடுத்த வருஷம் குடை பிடியும்."

"பின்னாடி வரிசையில யாராவது தூக்கிப் பிடிச்சிருப்பாங்க. நான் சரியாத்தான் வந்தேன்."

"நான் முன்னால நின்னு பாத்தேம்வே. குடை பிடிக்கதும் கைங்கரியம்தான்."

"அப்ப தம்பி?" என்று என் ஜோடியைக் காட்டினேன்.

"அவரு ஒசரத்துக்கு வேற ஆளு எங்க இருக்கு? அவரு மணி அடிக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்காகக்கூட இல்லை. அந்த மனிதர் பங்குனி உத்திரத்துக்கு வேலையை விட்டுவிட்டு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் புதுத்துணி போட்டுக் கூட்டி வருவார். அவர்கள் சாலையோரம் நின்று, அப்பா சாமியைத் தூக்கி வருவதைப் பார்ப்பார்கள். என் உடம்பு தேறாததற்கு அவர் ஏன் மணி அடிக்க வேண்டும்? அவரோ, "பரவால்ல சார், மணி அடிச்சாலும் சாமிக்குத்தானே" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தலைவரிடம் ஒரே ஒரு வாக்குறுதி வாங்கினேன். அடுத்த பங்குனிக்கு முன்னால் வெள்ளோட்டம் பார்ப்பார்களே, அதில் என்னையும் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். "பாப்போம்" என்றார்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். பஞ்சாபிப் பெண்மணி. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காலையில் இட்லி, மதியம் டப்பாவில் தயிர்சாதம், இரவு சாம்பார் சாதமும் மறுபடி தயிர்சாதமும் என்றேன். "அங்கிள், நீங்க சாவல் மட்டும்தான் சாப்பிடறீங்க. மஸில் கஹாங் ஸே பனேகா?" என்று இந்தியில் கேட்டார். வெறும் அரிசியைத் தின்றால் தசை எங்கிருந்து முளைக்கும் என்கிறார். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று வாதாடினேன். ஆனால் எங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பை முங்கித்தான் தேட வேண்டும் என்பது எனக்கே தெரியும். ஒருவருடைய எடை எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கிராம் புரதம் தினமும் வேண்டும் என்று கணக்குச் சொன்னார். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, தைரியமாகச் சாப்பிடுங்கள் என்றார். அதுவரை நான் சாப்பிட்டது அந்தக் கணக்கில் பாதிகூட இல்லை.

செய்தி கேட்டதும் என் மகள் ஒரு கறுப்பு டிரம்மைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். குருகிராமில் வேலை, காலையில் ஜிம். பாலிலிருந்து எடுத்த புரோட்டீன் பவுடராம், சாக்லேட் வாசனை தூக்கியது. என் மனைவி டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மாசி பிறந்தா பல்லக்குக்காரங்களுக்கு விரதம். வீட்ல சமைச்சதைத் தவிர வெளிச் சாமான் வாயில படக்கூடாது. தூக்கப்போற நேரத்துல குடிக்க முடியாத ஒண்ணு எதுக்கு?"

டிரம் மகளின் அறைக்கே திரும்பியது. "நான் பண்ணித் தரேன்" என்று மனைவி முந்தானையைச் சொருகிக்கொண்டாள்.

அவள் பண்ணியது சத்துமாவு. தமிழ் வீட்டில் உடம்பு தேற வேண்டும் என்றால் கை தானாக அங்கேதான் போகும். கேழ்வரகு, கம்பு, சம்பா கோதுமை, புழுங்கலரிசி, ஜவ்வரிசி, பேருக்கு ஒரு பிடி பொட்டுக்கடலை, மணத்துக்கு முந்திரியும் ஏலக்காயும். எல்லாவற்றையும் வறுத்து, கோதுமை மாவு அரைக்கும் சக்கியில் கொடுத்து அரைத்து வந்தாள். வெல்லம் போட்டு, நெய் விட்டு, காலையும் மாலையும் பெரிய டம்ளரில் கஞ்சி. அமிர்தமாக இருந்தது. நான் பார்த்தவர்களிடமெல்லாம் புரதம் குடிக்கிறேன் என்று பீற்றிக்கொண்டேன். அலுவலகத்தில் இரண்டு பேர் செய்முறை கேட்டு அவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள்.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கியில் அரைத்த ஆட்டா மூட்டையை நானே தோளில் வைத்துக்கொண்டு வருவதாகச் சவால் விட்டேன். "ரிக்ஷா கூப்பிடட்டுமா அங்கிள்?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. முதல் மாடித் திருப்பத்தில் கால் நடுங்கி, மூட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர்தான் மீதி தூரம் தூக்கி வந்தார். அன்று கண்ணாடியில் பார்த்தேன். கையும் காலும் அப்படியே குச்சியாக இருந்தன. தொப்பை மட்டும் செழிப்பாக வளர்ந்திருந்தது.

மகள் சமையலறைக்குப் போய், என்னென்ன எவ்வளவு போட்டாய் என்று அம்மாவிடம் கேட்டுப் போனில் கணக்குப் போட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, இதுல புரோட்டீன் கொஞ்சூண்டுதான் இருக்கு. மீதி எல்லாம் சாவல், கோதுமை. நீங்க இத்தனை மாசமா பாயசம் குடிச்சிட்டு இருக்கீங்க."

"உன்னை இதைக் கொடுத்துத்தான் வளர்த்தேன்" என்றாள் மனைவி.

"நான் பேபி மா. அப்பா பேபி இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை. அன்று இரவு மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பு வைக்கிற மனநிலையில் யாரும் இல்லாததால் பருப்புப் பொடி சாதம். தட்டு நிறையச் சோறு, அதன் நடுவில் ஒரு ஸ்பூன் பொடி, நல்லெண்ணெய். பிசையப் போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள். பொடியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து சாப்பிடுகிறாள், ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் கேட்டாள்.

"துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகு, பெருங்காயம்..." என்று சொல்லிக்கொண்டே வந்த மனைவி நடுவில் நிறுத்திவிட்டாள். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். பருப்பைத் தவிர அதில் வேறென்ன இருக்கிறது? இத்தனை வருஷமாக எங்கள் அலமாரியில் கண்ணாடி பாட்டிலில் உட்கார்ந்திருந்தது புரோட்டீன் பவுடர். நாங்கள்தான் அதை ஒரு மலைச் சோற்றுக்கு ஒரு ஸ்பூன் என்று தலைகீழாகத் தின்றுகொண்டிருந்தோம். அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் பதவி உயர்வு வந்தபோதுகூட வந்ததில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் சமையலறை பரிசோதனைக்கூடமாக மாறியது. மகள் கிராம் பார்த்தாள், மனைவி ருசி பார்த்தாள், நான் வறுத்தேன். பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, கொள்ளு, தோல் நீக்கிய நிலக்கடலை, சோயா, பூசணி விதை. சோயாவைப் பச்சை வாடை போகும்வரை சிறுதீயில் வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வீடே நாறும். முதல் தடவை நான் அவசரப்பட்டேன், எதிர்வீட்டம்மாள் கதவைத் தட்டி என்ன கருகுகிறது என்று கேட்டாள். நிலக்கடலையும் விதையும் எண்ணெய் விடும், கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்று சக்கிக்காரர் அரைக்க மறுத்துவிட்டார். அதனால் வீட்டு மிக்ஸியில் பொட்டுக்கடலையோடு சேர்த்து, விட்டு விட்டு ஓட்டினோம். ஓட விட்டால் களிம்பாகிவிடும். கடைசியில் மிளகு, சீரகம், வறுத்த கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. கொஞ்சமாக அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டோம். நிறைய அரைத்து வெளியில் வைத்த முதல் ஈடு தில்லி வெயிலில் சிக்கு வாடை அடித்து வீணாய்ப் போனது.

சாப்பிடும் முறையும் மாறியது. காலையில் கெட்டி மோரில் இரண்டு பெரிய கரண்டி பொடியைக் கரைத்து, கடுகு தாளித்துக் கொட்டிக் குடிப்பேன். மெட்ரோ நிலையத்து வாசலில் ‘சத்து’ என்ற மாவுக் கரைசல் விற்கிற பீகார்காரரின் வண்டியில் கோடைதோறும் எலுமிச்சை பிழிந்து குடித்திருக்கிறேன். அதுவும் வறுத்த கடலை மாவுதான், அப்போதெல்லாம் தாகத்துக்கு என்று நினைத்துக் குடித்தேன். மதிய டப்பாவில் சோறு பாதியானது. மீதி இடத்தில் சுண்டலோ பனீரோ உட்கார்ந்தது. பொடி மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உடம்பை வளைக்காவிட்டால் அதுவும் தொப்பைக்குத்தான் போகுமாம்.

"டெய்லி ஸ்க்வாட் பண்ணணும் பா. இப்படி உக்காந்து உக்காந்து எந்திரிக்கணும்."

செய்து காட்டினாள். பார்த்ததும் புரிந்துவிட்டது, காதைப் பிடித்துக்கொள்ளாத தோப்புக்கரணம். நான் காதையும் பிடித்துக்கொண்டே செய்தேன். கோயிலில் பிள்ளையார் சன்னதி முன்னால் தினமும் நான் விடாமல் போட்டுத் தள்ளுவதைப் பார்த்து, இவருக்கு என்ன கஷ்டமோ என்று இரண்டு மாமிகள் என் மனைவியிடம் விசாரித்தார்கள்.

தீபாவளி கழிந்து புகைமூட்டமெல்லாம் வந்து போனது. குளிர் இறங்கியது. நான் நிறுத்தவில்லை. ஒருநாள் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்ததை நானே பாதி வழியில்தான் கவனித்தேன். தரையில் உட்கார்ந்து எழும்போது கை ஊன்றவில்லை என்று மனைவி சொன்னாள். தை மாதத்தில் மறுபடி சக்கிக்குப் போனேன். கடைக்காரர் ரிக்ஷாவைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் மூட்டை என் தோளில் ஏறிவிட்டது. முதல் மாடித் திருப்பத்தில் நின்றேன், கால் நடுங்கவில்லை. மூன்றாவது மாடிக் கதவைக் காலால் தட்டினேன். கதவைத் திறந்த மனைவி மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய் மகளை எழுப்பிக் கூட்டி வந்தாள். மூட்டையை இறக்காமல் அப்படியே நின்று காட்டினேன். என்னைவிட அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

மாசி பிறந்தது, விரதம் ஆரம்பித்தது. எங்கள் பொடி வீட்டில் வறுத்து வீட்டில் அரைத்தது, யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எதிர்வீட்டம்மாளுக்குத்தான் ஆச்சரியம். அவர்கள் வடநாட்டுக்காரர்கள், விரதம் என்றால் பருப்பையும் தானியத்தையும் தொடமாட்டார்கள். "இது என்ன விரதம், இட்லி சாப்பிடறீங்க, பருப்பைக் கரைச்சுக் குடிக்கிறீங்க?" என்று இந்தியில் கேட்டு, ஒரு கிண்ணம் பொடியும் வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளோட்டத்துக்கு ஒரு ஞாயிறு காலை குறித்தார்கள். கோயில் பின்புறம் கார் நிறுத்தும் இடத்தில், சாமிக்குப் பதிலாக அன்னதானத்துக்கு வந்திருந்த அரிசி மூட்டைகளை வைத்துக் கட்டியிருந்தார்கள். டைல்ஸ்காரரும் வந்திருந்தார். மணி அடிக்கிறவருக்கு வெள்ளோட்டத்தில் வேலை இல்லை, நான் கேட்டுக்கொண்டதால் வந்திருந்தார். முன்வரிசையில் யாரோ இரண்டு பையன்களை நிறுத்த நினைத்திருந்த தலைவர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஒரு சுத்துதான்வே. சாஞ்சா எறங்கிரணும்."

"சாய்ஞ்சா நானே இறங்கிடறேன்."

நானும் டைல்ஸ்காரரும் முன்வரிசையில் பழைய இடத்தில் நின்று தூக்கினோம். தண்டு தோளில் அழுந்தியதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் பாரம் அதிகமாக இருந்தது. அரிசியை அளவுக்குமீறி ஏற்றிவிட்டார்கள், என்னைக் கழற்றிவிடச் செய்த வேலை என்று மனதுக்குள் தலைவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆனால் கால் பிடித்து நின்றது. முதுகு வளையவில்லை. தலைவர் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, கண்ணைச் சுருக்கிப் பல்லக்கைப் பார்த்தபடி வந்தார். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று போகச் சொன்னார். இறக்கியதும் என் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"கோடு போட்டாப்புல நிக்காருவே. ரெண்டு பேரும் பழைய எடத்துலயே நில்லுங்க."

டைல்ஸ்காரர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கோ அந்தக் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஓட வேண்டும்போல் இருந்தது.

பங்குனி உத்திரத்தன்று சாமி மல்லிகையும் செவ்வரளியுமாக ஜொலித்தார். நாயனமும் தவிலும் முன்னால் போக, கார்களும் இ-ரிக்ஷாக்களும் ஒதுங்கி வழிவிட, எங்கள் குடியிருப்புகளைச் சுற்றி நடந்தோம். சாமி அரிசி மூட்டைகளைவிட இலேசில்லை. வெள்ளோட்டத்தில் தலைவரைத் திட்டியது வீண் என்று புரிந்தது. ஆனால் அந்தப் பாரத்தின் கீழ் என் கால்கள் நடந்தன. டைல்ஸ்காரரின் மனைவியும் பிள்ளைகளும் சாலையோரம் நின்று கையாட்டினார்கள். நானும் அவரும் அடிக்கு அடி சேர்ந்து வைத்துக்கொண்டு போனோம். எத்தனை சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

சாமி உள்ளே போய், தீபாராதனை முடிந்து, எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் நின்றோம். டைல்ஸ்காரர் குடும்பத்தோடு எனக்கு முன்னால் நின்றார். யாராவது என்னைப் பாராட்டமாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவிதான் பேச்சை ஆரம்பித்தார்.

"இந்த வருஷம் பரவால்ல சார். போன வருஷம் தூக்கிட்டு வந்து ஒரு வாரம் கழுத்தத் திருப்ப முடியாம கெடந்தாரு. வேலைக்கே போவல."

"சும்மா இரு" என்றார் அவர்.

"ஏன் தம்பி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்" என்று அவர் வரிசையில் முன்னால் நகர்ந்தார். நான் விடவில்லை.

"நீங்க காய்ச்சல்ல இருந்து அப்பத்தான் எழுந்து வந்திருந்தீங்க சார். என் பக்கம் கொஞ்சம் ஏத்திப் பிடிச்சேன். அவ்ளோதான்."

இடப்பக்கம் உயர்ந்ததால்தான் சாமி வலப்பக்கம் சாய்ந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. போன வருஷம் எனக்கு ஏன் சிரமமே தெரியவில்லை என்பதும் விளங்கியது. மணி அடிக்கப் போ என்று சொன்னபோதுகூட இந்த மனிதர் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை விலக்கிப் பார்த்தேன். தண்டு அழுந்திய இடம் சிவந்திருந்தது. பிறகு என் துண்டையும் விலக்கினேன். அவரும் எட்டிப் பார்த்தார். இரண்டு தோளும் ஒரே அளவு சிவந்திருந்தன.